கம்பனி மோசடியும் அரச சட்டவாதியின் பணியும் – என்ரோன் வழக்கு

அறிமுகம்

மாணவர்களே, கம்பனி என்பது சட்டத்தின் பார்வையில் ஓர் "ஆள்" என வணிகக் கல்வியில் கற்றிருப்பீர்கள். அது தன் பெயரில் சொத்து வைத்திருக்கலாம், வழக்குத் தொடரலாம், அதற்கெதிராகவும் வழக்குத் தொடரப்படலாம். ஆனால் அந்த ஆளை விளக்கமறியலில் வைக்க முடியாது. அப்படியாயின் ஒரு கம்பனி மோசடி செய்தபோது குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட வேண்டியவர் யார்? கம்பனியா, அதை நடத்தியவர்களா? அரச சட்டவாதியின் தொழிலில் மிகக் கடினமான தீர்மானம் இதுவே. ஐக்கிய அமெரிக்காவின் என்ரோன் வழக்கைக் கொண்டு இதனை நோக்குவோம்.

அரச சட்டவாதி யார்?

எமது நாட்டில் சட்டமா அதிபர் திணைக்களத்தில் அரசின் சார்பில் வழக்காடுபவர்கள் அரச சட்டவாதிகள் ஆவர். அமெரிக்க மத்திய அரசில் நீதித் திணைக்களச் சட்டத்தரணிகள் இப்பணியைச் செய்கின்றனர். மாணவர் பலர் "பொலிஸாரின் சட்டத்தரணி" என எழுதிவிடுகின்றனர். அது தவறு. சான்று போதாதவிடத்து வழக்குத் தொடராமல் விடுவதும் இவரது கடமையே.

அமெரிக்காவில் பங்குச் சந்தையைக் கண்காணிப்பது பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு. அதன் சட்டத்தரணிகள் குடியியல் வழக்கு மட்டுமே தொடரலாம். பணத் தண்டம் பெறலாம். ஒருவர் கம்பனிப் பணிப்பாளராக இருப்பதைத் தடைசெய்விக்கலாம். சிறைத் தண்டனை வேண்டுமாயின் நீதித் திணைக்களம் குற்றவியல் வழக்குத் தொடர வேண்டும். அங்கு குற்றம் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படல் வேண்டும்.

என்ரோனில் நடந்தது என்ன?

டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் 1985 இல் இரு எரிவாயுக் கம்பனிகள் இணைந்து உருவானதே என்ரோன். 2000 ஆம் ஆண்டில் 100 பில்லியன் டொலருக்கு மேற்பட்ட வருமானத்தைக் காட்டியது. அவ்வாண்டு ஓகஸ்ட்டில் அதன் பங்கொன்று 90 டொலருக்கு விற்பனையானது. 2001 டிசெம்பர் 2 இல் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தபோது அதே பங்குக்கு ஒரு டொலர்கூடக் கிடைக்கவில்லை. ஊழியர் பலரின் ஓய்வூதியச் சேமிப்பு என்ரோன் பங்குகளிலேயே இருந்தது. வேலையும் சேமிப்பும் ஒன்றாகப் போயின.

கணக்குகளில் நடந்தது இதுதான். நீங்கள் ஒரு கடையை இருபது வருடக் குத்தகைக்குக் கொடுக்கிறீர்கள் என்க. இருபது வருட வாடகையையும் மதிப்பிட்டு, முதல் வருடத்திலேயே இலாபமாக எழுதினால் புத்தகத்தில் நீங்கள் செல்வந்தர். கையில் காசு இராது. என்ரோன் தனது நீண்டகால ஒப்பந்தங்களின் இலாபத்தை இவ்வாறே காட்டியது. மறுபுறம், நிதி அதிகாரி அன்ட்ரூ ஃபாஸ்டோ அமைத்த துணை அமைப்புகளுக்குள் கடன்களும் நட்டங்களும் மறைக்கப்பட்டன.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எதிர்கால இலாபத்தை முன்கூட்டியே காட்டும் அந்த முறையை ஆணைக்குழுவே 1992 இல் என்ரோனுக்கு அனுமதித்திருந்தது. "கணக்காய்வாளரும் சட்டத்தரணிகளும் பார்த்து ஒப்புதல் தந்தார்களே" என்பதே எதிரிகளின் வாதம். எனவே கணக்கு சிக்கலானது என்று காட்டினால் மட்டும் வழக்கு நிற்காது. எதிரி அறிந்துகொண்டே பொய் சொன்னார் என்று காட்ட வேண்டும்.

வழக்கைக் கட்டியெழுப்பிய முறை

ஹூஸ்டனிலிருந்த மத்திய அரச சட்டவாதிகள் பலருக்கு என்ரோன் ஊழியருடன் உறவோ பழக்கமோ இருந்தது. ஆகவே அந்த அலுவலகம் முழுவதும் வழக்கிலிருந்து விலகிக்கொண்டது. (நலன் முரண்பாடு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.) 2002 ஜனவரியில் வேறு நகரங்களின் சட்டவாதிகளையும் புலனாய்வாளரையும் கொண்ட விசேட அணி அமைக்கப்பட்டது.

அவர்கள் கீழ்ப்படியிலிருந்து மேலேறினர். முதலில் ஆவணங்களும் மின்னஞ்சல்களும். பின்னர் கீழ்நிலை, இடைநிலை அதிகாரிகள். குற்றத்தை ஒப்புக்கொண்டு சாட்சியளிப்போருக்குக் குறைந்த தண்டனை. 2004 ஜனவரியில் ஃபாஸ்டோவும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2006 இல் தன் மேலதிகாரிகளுக்கு எதிராகச் சாட்சியமளித்த அவருக்கு ஆறு வருடச் சிறை கிடைத்தது. பெருங் குற்றம் செய்தவரோடு பேரம் பேசலாமா என்று நீங்கள் கேட்கலாம். கூட்ட அறைக்குள் பேசப்பட்டதை உள்ளே இருந்தவர் சொல்லாமல் வெளியார் அறிவது அரிது.

2001 செப்ரெம்பர் இறுதியில் தலைவர் கென்னத் லே, பங்கு மலிவாக இருக்கிறது, மூன்றாம் காலாண்டும் நன்றாக உள்ளது என ஊழியரிடம் கூறினார். மூன்று வாரத்துக்குள் அதே காலாண்டுக்கு 618 மில்லியன் டொலர் நட்டம் அறிவிக்கப்பட்டது. யூரர் சபைக்கு இது விளங்கியது. 2006 மே 25 இல் லேயும் முன்னாள் பிரதம நிறைவேற்று அதிகாரி ஜெஃப்ரி ஸ்கில்லிங்கும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். தண்டனை விதிக்குமுன் லே இறந்ததால் அவர்மீதான தீர்ப்பு நீக்கப்பட்டது. ஸ்கில்லிங்குக்கு 24 வருடங்களுக்கு மேற்பட்ட சிறை விதிக்கப்பட்டு, 2013 இல் 14 வருடமாகக் குறைக்கப்பட்டது.

ஆதர் அன்டர்சன்: மறுபக்கம்

என்ரோனின் கணக்காய்வாளர் ஆதர் அன்டர்சன் என்னும் பெரிய நிறுவனம். 2000 இல் அது என்ரோனிடம் கணக்காய்வுக்காக 25 மில்லியன் டொலரும் ஆலோசனை முதலிய வேறு பணிகளுக்காக 27 மில்லியன் டொலரும் பெற்றது. 2001 ஒக்டோபரில் விசாரணை நெருங்கியபோது அதன் ஊழியர் பெருந்தொகை ஆவணங்களைக் கிழித்து அழித்தனர். 2002 மார்ச்சில் அரச சட்டவாதிகள் நிறுவனத்தின் மீதே குற்றம் சுமத்தினர். யூனில் அது குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று.

குற்றஞ்சாட்டப்பட்ட கணக்காய்வாளரிடம் யார் கணக்கைக் கொடுப்பார்? வாடிக்கையாளர் விலகினர். அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 28,000 பேர் அங்கு பணிபுரிந்தனர். அவர்களில் பெரும்பாலோர் என்ரோன் கோப்பைக் கண்ணாலும் காணாதவர்கள். 2005 மே 31 இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை ஏகமனதாக நீக்கியது. தாம் செய்வது சட்டபூர்வமானது என நேர்மையாக நம்பியிருந்தாலும் குற்றவாளியாகக் காணலாம் என யூரர் சபைக்கு வழங்கப்பட்ட அறிவுறுத்தல் பிழை என்பதே காரணம். அதற்குள் நிறுவனம் சிதைந்துவிட்டது. ஆவணம் கிழித்தவர்களையும் கிழிக்கச் சொன்னவர்களையும் மட்டும் கூண்டில் நிறுத்தியிருக்கலாம் என்பது எனது அபிப்பிராயம். மாறாக வாதிடுவோரும் உளர்.

இணங்கியொழுகல்

2002 ஜூலையில் நிறைவேறிய சார்பேன்ஸ்–ஒக்ஸ்லி சட்டத்தின்படி நிதிக்கூற்றுகளைப் பிரதம நிறைவேற்று அதிகாரியும் நிதி அதிகாரியும் தாமே சான்றுப்படுத்த வேண்டும். "எனக்குத் தெரியாது" என்று நழுவுவது கடினமாயிற்று. விசாரணையைத் தடுக்க ஆவணம் அழித்தால் 20 வருடம்வரை சிறை.

கம்பனி சட்டத்தை மீறாதிருக்கத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஒழுங்குகளை இணங்கியொழுகல் என்பர். 2003 இல் நீதித் திணைக்களம் வெளியிட்ட வழிகாட்டலின்படி, கம்பனிமீது குற்றம் சுமத்துமுன் அரச சட்டவாதி இவ்வொழுங்குகளையும், குற்றமற்ற ஊழியருக்கும் பங்குதாரருக்கும் நேரும் பாதிப்பையும் கருத வேண்டும். அன்று முதல் அச்சிட்ட கைந்நூலைக் காட்டித் தப்ப முயலும் கம்பனிகளும் உண்டு. அதனால்தான் பிற்கால வழிகாட்டல்கள், ஒழுங்கு நன்கு வடிவமைக்கப்பட்டதா, அதற்குப் போதிய வளமும் அதிகாரமும் உண்டா, நடைமுறையில் வேலை செய்கிறதா எனக் கேட்கின்றன.

மாதிரி வினா

"ஒரு கம்பனியின் மீது குற்றம் சுமத்துவதும் அதன் அதிகாரிகள் மீது குற்றம் சுமத்துவதும் ஒன்றல்ல." என்ரோன், அன்டர்சன் வழக்குகளைக் கொண்டு விளக்குக. (10 புள்ளிகள்)

விடைக் குறிப்பு: ஆண்டுகளை ஒப்புவிப்பதோடு நிறுத்த வேண்டாம். அறிந்துகொண்டு செய்தல் என்னும் கூறு இரு வழக்கிலும் எவ்வாறு முக்கியமாயிற்று என எழுதுக. 2005 தீர்ப்பு, அன்டர்சனில் ஆவணங்கள் அழிக்கப்படவில்லை எனக் கூறவில்லை என்பதையும் குறிப்பிடுக. இவ்விடத்திலேயே பலர் தவறு விடுகின்றனர்.