சாயாத மணிக்கோபுரம்: ஓர் இளம் ஒளிப்படக் கலைஞருக்குக் கடிதம்



ஃப்ளோரன்ஸ் நகரைப் பற்றிய பன்னிரண்டு படங்களின் தொகுப்பை முழுமையாகப் பார்த்த பின் எழுதப்படும் கடிதம் இது. ஒளியளவிலும் குவியத்திலும் இக்கலைஞருக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை என்பதால், அவற்றை விட்டுவிட்டு நேரே குறைக்கே செல்லலாம். தொகுப்பின் முதல் படமே கண்ணை உறுத்துகிறது. ஓவியர் ஜொத்தோ 1334-இல் தொடங்கி, அவர் மறைந்த பிறகு 1359-இல் கட்டி முடிக்கப்பட்ட, ஏறத்தாழ 85 மீட்டர் உயரமுள்ள மணிக்கோபுரம் அப்படத்தில் மயங்கி விழப்போகிறவரைப் போலப் பின்னோக்கிச் சாய்ந்து கிடக்கிறது. வைட் ஆங்கிள் லென்ஸ், அதாவது அகன்ற பரப்பை ஒரே சட்டகத்துக்குள் அடக்கும் லென்ஸ், பொருத்திய கேமராவை அண்ணாந்து பிடித்தால், படம் பதியும் தளம் சுவருக்கு இணையாக இல்லாமல் போய், செங்குத்துக் கோடுகள் மேலே செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்கிவிடும். இதைக் கம்பீரம் என்று சிலர் பாராட்டக்கூடும். ஆனால் வேறெந்த ஊரில் மன்னித்தாலும் ஃப்ளோரன்ஸில் இதை மன்னிக்க இயலாது.

காரணம், எங்கே நின்று பார்க்கிறோம் என்பதன் கணக்கு பிறந்த ஊர் அது. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி, பேராலயத்தின் நடுவாசலுக்குச் சற்று உள்ளே நின்று, எதிரிலிருந்த ஞானஸ்நானக் கோயிலைச் சுமார் 29 செ.மீ. அளவுள்ள சதுரப் பலகையில் வரைந்தார். பலகையில் சிறு துளையிட்டு, அதன் பின்புறத்திலிருந்து ஒற்றைக் கண்ணால், எதிரே பிடித்த கண்ணாடியில் தெரியும் ஓவியத்தைப் பார்க்கச் செய்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய மனெட்டி விவரிக்கிறார். பார்ப்பவரின் கண், வரைந்தவரின் கண் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் துளை. வானத்தை அவர் வண்ணத்தால் வரையவே இல்லை. அவ்விடத்தில் பளபளப்பாக்கிய வெள்ளியைப் பதித்தார். உண்மையான வானமும் காற்றில் நகரும் மேகங்களும் அதில் பிரதிபலித்தன. அசையாத கல்லை அளந்து வரைந்து, அசைவதற்கு இடம் விட்டுவைத்த அச்செயலில், இன்றுவரை ஒளிப்படக் கலைக்குத் தேவையான நேர்மை முழுவதும் இருக்கிறது.

அதே நகரில் 1852-இல் தொடங்கிய அலினாரி சகோதரர்களின் ஒளிப்பட நிலையத்தார், கட்டடங்களைப் படமெடுக்கும்போது இந்தப் பாடத்தை மறக்கவில்லை. அக்காலத்துப் பெட்டிக் கேமராக்களில் கேமராவைச் சாய்க்காமலேயே லென்ஸ் பொருத்திய முன்பலகையை மட்டும் மேலே உயர்த்தலாம்; கோபுர உச்சியும் சட்டகத்துக்குள் வரும், கோடுகளும் நிமிர்ந்து நிற்கும். இன்றைய ஷிஃப்ட் லென்ஸ் அதே வேலையைச் செய்கிறது. அது இல்லாதவர் கேமராவை மட்டமாக வைத்து, கீழே மிகுதியாக விழும் தரையைப் பின்னர் வெட்டிவிடலாம். அல்லது எதிர்க் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு சன்னலைக் கேட்டுப் பெறலாம். கணினியில் பிறகு நிமிர்த்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். அது மேற்பகுதியை இழுத்து நீட்டுவதோடு ஓரங்களையும் தின்றுவிடும்.

இரண்டாவது குறை இதைவிடக் கசப்பானது. பதினொரு படங்களில் ஒரு மனிதர்கூட இல்லை. என்.டி. ஃபில்டர் எனப்படும், ஒளியை மட்டுப்படுத்தும் கருங்கண்ணாடியை லென்ஸின் முன் பொருத்தினால், நொடியில் முப்பதில் ஒரு பங்கில் பதிய வேண்டிய படத்தை அரை நிமிடம்வரை பதியவிடலாம். அதற்குள் நடந்து செல்பவர்கள் எல்லாரும் கரைந்து மறைந்துவிடுவார்கள். பழைய கண்ணாடித் தகடுகள் ஒளியை மெதுவாக உள்வாங்கியதால் 19-ஆம் நூற்றாண்டுப் படங்களில் தெருக்கள் வெறிச்சோடித் தெரிகின்றன. அது அன்றைய வேதியியலின் இயலாமை. அந்த இயலாமையை இன்று விலைகொடுத்து வாங்கி அழகு என்று பெயரிடுவது தகாது. அதிலும் புருனெல்லெஸ்கியின் வடிவமைப்பில் 1419-இல் கட்டத் தொடங்கிய இன்னொசென்ட்டி இல்லத்தின் படிக்கட்டுகளைத் துடைத்து வைத்திருப்பது மனத்தை வருத்துகிறது. அது கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக எழுந்த வீடு. வளைவுகளுக்கு இடையே, நீலப் பின்னணியில் துணி சுற்றிய குழந்தைகளின் வெண்ணிறச் சுடுமண் உருவங்கள் இன்றும் கைவிரித்து நிற்கின்றன. அவற்றின் கீழே உட்கார ஆளில்லை என்று காட்டுவது அந்த வீட்டுக்கே இழைக்கும் அநீதி.

இக்கடிதத்தை எழுதுபவரும் பிலிம் காலத்தில் அதே படிக்கட்டுகளுக்கு எதிரே மர முக்காலியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, ஆள் நடமாட்டம் ஓய்வதற்காகக் காத்திருந்தவர்தாம். தேய்த்த கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அதில் ஒரு மூதாட்டி, காலணிகளைக் கழற்றி அருகே ஒழுங்காக வைத்துவிட்டு, வலது பாதத்தைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து போகவில்லை, வெளிச்சம்தான் போய்க்கொண்டிருந்தது, வேறு வழியின்றி ஒரு நொடி திறந்து படம் பதியப்பட்டது. புறா ஒன்று சாம்பல் தீற்றலாகக் கலைந்திருக்க, மூதாட்டி அசையாமல் பதிந்திருந்தார். அங்கே தூணின் உயரமும், வளைவின் அகலமும், தாழ்வாரத்தின் ஆழமும் ஒரே அளவு என்பது நூல்களில் படித்துத் தெரிந்திருந்த செய்திதான். ஆனால் அந்த அளவு மனித உடலுக்கு எவ்வளவு என்பதை அவருடைய முதுகுதான் காட்டியது.

இவ்வளவு கடுமைக்கும் காரணம் தொகுப்பின் ஒன்பதாம் படம். அதன் பின்னணியில் இரண்டு வெள்ளங்கள் இருக்கின்றன. 1333 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு பெருகி அன்றைய பொன்டே வெக்கியோ பாலத்தை அடித்துச் சென்றது. 633 ஆண்டுகள் கழித்து, 1966-இல் அதே நவம்பர் 4 அன்று மீண்டும் ஊருக்குள் புகுந்து, சில இடங்களில் 6 மீட்டருக்கும் மேல் உயர்ந்து, சாந்தா குரோச்சே ஆலயத்துக்காகச் சிமபூவே தீட்டிய சிலுவை ஓவியத்தைச் சிதைத்தது. நேரித் தெருவும் சான் ரெமிஜியோ தெருவும் கூடும் முனைச் சுவரில் இரண்டு வெள்ளங்களின் அளவுக் கற்களும் உள்ளன. பழைய கல்லில் செதுக்கிய கை ஒன்று நீர் நின்ற கோட்டை விரலால் சுட்டுகிறது. அந்தக் கற்களுக்கு வெகு கீழே, காய்கறிப் பெட்டியைத் தோளில் சுமந்து, ஈரத் தரையைப் பார்த்தபடி ஒருவர் கடந்து செல்லும் நொடியை இக்கலைஞர் பிடித்திருக்கிறார். கோடுகள் நிமிர்ந்திருக்கின்றன, கேமரா கண்மட்டத்தில் நிற்கிறது, அந்த மனிதர் எத்தனை ஆழத்தில் மூழ்கியிருப்பார் என்பதைப் பார்ப்பவர் தாமே அளந்து திடுக்கிடுகிறார். அந்நகரில் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களுக்கும் வாய்க்காத படம் அது. அதைக் கால்பக்கத்தில் சுருக்கி, சாய்ந்த கோபுரத்துக்கு முழுப்பக்கம் கொடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அடுத்த பயணத்தில் கருங்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு, இன்னொசென்ட்டி இல்லத்தின் எதிரே கேமராவை மட்டம் பார்த்து நிறுத்தி, யாராவது வந்து படியில் உட்காரும்வரை இக்கலைஞர் காத்திருக்கட்டும். நேரித் தெருவில் அதற்கான கண் தம்மிடம் இருப்பதை அவரே காட்டிவிட்டார்.

மிக்க அன்புடன்,
ஒரு மூத்த ஒளிப்படக்காரர்