கூரையை மூடுறதுக்கு முன்னாடி லாத்தா சொல்றதைக் கேளு

காயல்பட்டினத்துல பொண்ணுக்குக் கல்யாணம் பேசி முடிச்சதும் வீட்டுக்குள்ள கொத்தனார் வந்துடுவார். மாப்பிள்ளை வந்து தங்கப்போறது பொண்ணு வீட்டுலதானே! அறைக்கு அறை ஏசி மாட்டியாச்சு. இப்ப செம்புக் குழாய், டிரெய்ன் பைப், ஒயர் பைப் எல்லாம் மேலே தொங்குது, பார்க்க நல்லால்லை. "ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிருங்க"ன்னு சொல்லிட்டு நீ புடவை எடுக்கக் கிளம்பிடுறே. நில்லு தங்கச்சி, லாத்தான்னா அக்காதானே, நான் சொல்றதைக் கேளு. உப்புக்காத்து அடிக்கிற ஊருல மேலே எதை மூடினாலும் யோசிச்சு மூடணும்.

1. முழுக் கூரையையும் மூடாதே. பைப் போற ஓரத்தை மட்டும் பெட்டி மாதிரி அடைச்சா போதும். சீலிங் ஆளுங்ககிட்ட "ஓரமா பாக்ஸிங் மட்டும்"னு சொல்லு, புரிஞ்சுக்குவாங்க. செலவு குறையும், அறை உயரமும் குறையாது. ஏசி அறையில தரையிலேர்ந்து ஃபால்ஸ் சீலிங் அடிப்பக்கம் வரை குறைஞ்சது 2.4 மீட்டர் இருக்கணும்னு தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்லுது. அதுக்குக் கீழே இறங்கினா ஃபேன் தலைக்கு மேலே வந்து நிக்கும். ஃபேனைக் கான்கிரீட்டுல இருக்கிற கொக்கியிலதான் மாட்டணும், சீலிங் பலகையில இல்லை.

2. முதல்ல மேல்தளத்தைத் தட்டிப் பாரு. சுத்தியல் கட்டையால தட்டு. பொத்துப் பொத்துனு சத்தம் வந்தா உள்ளே கம்பி துருப்பிடிச்சு சிமென்ட் விட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். கடலோர வீடுகள்ல இது சகஜம். அதைச் சரிபண்ணாம மூடினா பிறகு பெயர்ந்து விழுறது உன் கண்ணுக்கே தெரியாது. 2023 டிசம்பர் 17, 18-ல 24 மணி நேரத்துல 95 செ.மீ. மழை கொட்டின ஊரு இது. அந்த மழையில எங்கே ஈரம் கண்டதுன்னு வீட்டுல பெரியவங்களைக் கேளு. அந்த இடத்துல மொட்டைமாடி ஒழுகலை அடைச்சு, ஒரு ஐப்பசி கார்த்திகை தாண்டின பிறகு மூடு. கல்யாணத் தேதி அதுக்கு முன்னாடியே வந்துச்சா? அந்த அறையை மூடாமலே விட்டுடு, பெயின்ட் அடிச்சா போதும். மரவிட்டம் போட்ட பழைய மச்சு வீடா இருந்தா அதைத் தொடவே தொடாதே. காத்துப் படாத மரத்துல கரையான் ஏறும்.

3. குழாய் வேர்க்கும். அதிகமா ஏமாறுறது இங்கேதான், அதனால கொஞ்சம் நிதானமாப் படி. ஐஸ் தண்ணி ஊத்தின தம்ளர் வெளிப்பக்கம் நனையற மாதிரிதான் ஏசி குழாயும் நனையும். நம்ம ஊருக் காத்துல ஈரம் அதிகம். பெட்டிக்குள்ள அடைஞ்ச காத்துல இருக்கிற ஈரம் போக வழியில்லாம குளிர்ந்த குழாயில தண்ணியா இறங்கும். கொஞ்ச நாள்ல பலகையில மஞ்சக் கறை, பிறகு பூஞ்சை.
   - ரெண்டு செம்புக் குழாய்க்கும் தனித்தனியா இன்சுலேஷன் இருக்கணும். ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துச் சுத்தினா ஒத்துக்காதே. மெல்லிசு வேண்டாம், 19 மி.மீ. கனம் கேளு.
   - ஜாயின்ட்டுல விரல் வச்சுத் தடவிப் பாரு. செம்பு தட்டுப்பட்டா அங்கேதான் சொட்டும்.
   - டிரெய்ன் பைப்புக்கும் உறை வேணும். அதுல ஓடுறதும் குளிர்ந்த தண்ணிதான்.
   - பெரிய கூடத்துக்குத் தகர டக்ட் போட்டு ஏசி வச்சிருந்தா, ஏசியை ஓடவிட்டு இணைப்புகள்கிட்ட சாம்பிராணிப் புகையைக் காட்டு. புகை கலைஞ்சு விலகுற இடத்துல குளிர்காத்து கசியுது. அங்கே டேப் போட்டு அடைச்சு, மேலே உறையும் சுத்தின பிறகுதான் பலகை.

4. டிரெய்ன் பைப்புக்குச் சரிவு. மீட்டருக்கு ஒரு செ.மீ.யாவது இறங்கணும். நடுவுல தொய்வு இருந்தா தண்ணி தேங்கிப் பாசி பிடிக்கும், அப்புறம் ஏசியே அறைக்குள்ள ஒழுகும். மூடுறதுக்கு முன்னாடி ஏசி தட்டுல ஒரு சொம்பு தண்ணியை மெதுவா ஊத்து. மறுமுனையில முழுசும் வந்துச்சான்னு நீயே போய் நின்னு பாரு, ஆளை அனுப்பாதே. இன்னொண்ணு, அந்த முனையை முடுக்குல விடாதே. பொம்பளைங்க வீட்டுக்கு வீடு போய்வர்ற வழி அது. நடக்கிறவங்க தலையில சொட்டினா நல்லாவா இருக்கும்? தரை வரைக்கும் பைப்பை இறக்கி, சாக்கடையிலயோ செடிக்கோ விடு.

5. சாமான் வாங்கும்போது. பிளைவுட் வேண்டாம். சாதா ஜிப்சம் பலகையும் குளியலறைப் பக்கம் வேண்டாம், ஈரம் தாங்குற பச்சை நிறப் பலகையைக் கேளு. தண்ணி படுற இடத்துல பிவிசி பேனல் பரவாயில்லை. சட்டத்துக்கு நாகம் பூசின ஜிஐ சேனல். அதை வெட்டின முனையிலதான் துரு முதல்ல பிடிக்கும், அதனால வெட்டின உடனே ஜிங்க் பிரைமர் தடவச் சொல்லு. கறுப்பு ஸ்குரூ மலிவா இருக்கும், நம்ம ஊருல துருப்பிடிச்சுத் தலை தெறிச்சிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கு.

6. திறக்க வழி வை. குழாய் இணைப்பு, டிரெய்ன் வளைவு இதுக்கெல்லாம் கீழே ஒரு சின்னக் கதவு வைக்கணும். மெக்கானிக்கோட தலையும் ரெண்டு கையும் நுழையணும், அது போதும். "அழகு கெட்டுடும்"னு சீலிங்காரர் சொல்லுவார். கேட்காதே. பின்னாடி பலகையை உடைக்கப் போறது அவர் இல்லை.

7. இதெல்லாம் உள்ளே வேண்டாம்: ஒயர் ஜாயின்ட், டேப் சுத்தின கரண்ட் இணைப்பு. அடுப்படிப் புகைக்குழாயை சீலிங்குக்குள்ள விட்டு நிறுத்துறது பெரிய ஆபத்து. எண்ணெய்ப் பிசுக்கு படிஞ்சு தீப்பிடிக்கும். குழாய் வெளிச்சுவரைத் தாண்டியே ஆகணும். சுவர்ல பைப் நுழையுற ஓட்டையைச் சுத்தி சிமென்ட் வச்சு அடை, இல்லேன்னா எலி குடியேறி இன்சுலேஷனைக் கடிச்சு வச்சிடும்.

8. பலகை ஏறுறதுக்கு முன்னாடி போட்டோ. சுவர்ல டேப் பிடிச்சு, அளவு தெரியுற மாதிரி எடு. ஹாங்காங்லயோ துபாய்லயோ இருக்கிற உன் வீட்டுக்காரருக்கும் அனுப்பி வை. உன் போன் தொலைஞ்சாலும் அங்கே இருக்கும். பின்னாடி படம் மாட்ட ஆணி அடிக்கும்போது குழாய் தப்பிக்கும்.

9. பணம். கடைசித் தவணையைக் கையில வச்சுக்கோ. மூடின பிறகு நாலைஞ்சு ராத்திரி எல்லா ஏசியையும் சேர்த்து ஓடவிடு. காலையில டார்ச் அடிச்சு, பெட்டியோட அடிப்பக்கமும் மூலையும் கையால தடவிப் பாரு. காய்ஞ்சிருந்தா பணத்தைக் கொடு.