தேன் இரண்டாவது மருந்து. முதல் மருந்து குழாய்த் தண்ணீர்

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை என எந்த சிப்காட்டில் வேலை பார்ப்பவராக இருந்தாலும், சின்னக் காயங்களைப் பற்றிக் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "வெல்டிங் பொறி பட்டுக் கொப்புளம் போட்டிருக்கு, ரூம்ல தேன் இருக்கு, தடவலாமா?"

தேன் தடவினால் சில புண்கள் சீக்கிரம் ஆறும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் அடிபட்ட கையோடு ஹாஸ்டல் அறைக்குப் போய்த் தேன் பாட்டிலைத் திறப்பது சரியான வரிசை அல்ல. அதற்கு முன்னால் இரண்டு வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, தண்ணீர். சூடான உலோகம், உருக்கிய பிளாஸ்டிக், வெந்நீர், நீராவி என எதனால் சுட்டிருந்தாலும் ஓடும் குழாய்த் தண்ணீரில் முழுதாக 20 நிமிடம் காட்டுங்கள். அரை நிமிடம் காட்டிவிட்டு லைனுக்குத் திரும்புவது போதாது. தோலுக்கு அடியில் தங்கிய சூடு, மேலே சிவப்பு அடங்கிய பிறகும் உள்ளே வேக வைத்துக்கொண்டிருக்கும். உடனே முடியாமல் போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் தண்ணீர் காட்டுவதில் பலன் உண்டு. கை வீங்குவதற்குள் மோதிரம், வாட்ச், காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, பேனா மை, மாவு எதுவும் வேண்டாம். அந்த நேரத்தில் தேனும் வேண்டாம். சூடு அடங்காத தோலில் எதைப் பூசினாலும் அது சூட்டை உள்ளேயே பூட்டி வைக்கும்.

இரண்டாவது, பதிவு. கம்பெனியின் முதலுதவி அறைக்குப் போய்க் காயத்தைக் காட்டிப் பதிவேட்டில் எழுத வையுங்கள். 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, 500 பேருக்கு மேல் இருந்தால் தனி ஆம்புலன்ஸ் அறை என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே எழுதி வைத்தது. காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் அந்த அறை உங்களுக்கும் உரியது. ஈஎஸ்ஐ உள்ளவர் வேலையில் காயம்பட்டு, அடிபட்ட நாளைத் தவிர்த்து மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருந்தால், சராசரி நாள் கூலியில் 90 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இது பொருந்தும். எழுத்தில் இல்லாத காயத்துக்கு இதையெல்லாம் கேட்டு வாங்குவது பெரும் பாடு. "சின்னதுதானே" என்று மறைத்து அறையில் வைத்தியம் பார்த்த புண் ஒரு வாரம் கழித்துச் சீழ் வைத்தால், அது வேலையில் பட்டது என்று யார் சொல்வார்கள்? கைவைத்தியத்தில் நான் காணும் மிகப் பெரிய ஆபத்து இதுதான். தேனால் வரும் கெடுதல் கொஞ்சம். தேன் இருக்கிறதே என்று முதலுதவி அறையைத் தாண்டிப் போவதால் வரும் கெடுதல் அதிகம்.

இந்த இரண்டும் முடிந்த பிறகு தேனுக்கு வருவோம்.

நம் நாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் அறுவை சிகிச்சை மருத்துவர் எம். சுப்ரமண்யம் தீக்காயம்பட்ட 104 பேரை இரண்டாகப் பிரித்து, 52 பேருக்குத் தேன் கட்டும் 52 பேருக்கு வழக்கமான சில்வர் சல்ஃபடயசின் களிம்பும் போட்டார். தேன் கட்டிய புண்களில் 87 சதவீதம் 15 நாளில் ஆறின. களிம்பு போட்டவற்றில் 10 சதவீதம்தான். 1991-இல் பிரிட்டனின் அறுவை சிகிச்சை இதழில் இது வெளியானது. ஒரே மருத்துவமனையின் சோதனையை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. 2015-இல் காக்ரேன் அமைப்பு 26 சோதனைகளை, மொத்தம் 3,011 நோயாளிகளை, ஒன்றாக வைத்து அலசியது. மேல்தோலையும் அதை அடுத்த அடுக்கின் ஒரு பகுதியையும் மட்டும் சுட்ட தீப்புண், சாதாரணக் கட்டைவிடத் தேன் கட்டில் நான்கைந்து நாள் முன்னதாக ஆறுகிறது என்பது அதன் முடிவு. அறுவை சிகிச்சைக்குப் பின் சீழ் பிடித்த புண்களிலும் பலன் தெரிந்தது. நரம்பு சுருட்டிக்கொண்டதால் காலில் வரும் ஆறாப்புண்ணில் பலன் இல்லை. மற்ற வகைப் புண்களுக்கு உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை.

தேனில் சர்க்கரை அதிகம், தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் கிருமியின் உடலிலிருந்து நீரை அது உறிஞ்சிவிடுகிறது. புளிப்புத்தன்மையும் கிருமிக்கு ஒத்துவராது. தேனீ சேர்க்கும் ஒரு நொதி, புண்ணின் ஈரம் பட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறுகச் சிறுக உண்டாக்கும். நியூசிலாந்தின் மனுக்கா தேனில் இவற்றோடு மெத்தில்கிளையாக்சல் என்ற பொருளும் மிகுதி.

அந்த நொதி சூட்டில் செத்துவிடும். கடையில் வாங்கும் தேன் பெரும்பாலும் காய்ச்சி வடித்து வருவது. அது தேன்தானா என்பதே இன்னொரு கேள்வி: தில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளை ஜெர்மனிக்கு அனுப்பிச் சோதித்து 2020 டிசம்பரில் வெளியிட்ட முடிவின்படி, என்எம்ஆர் சோதனையில் மூன்று மட்டுமே தேறின. சர்க்கரைப் பாகைப் புண்ணில் பூசிவிட்டுத் தேன் வைத்தியம் பலிக்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. மலைத் தேன், கொம்புத் தேன் என்று கலப்படம் இல்லாமலே கிடைத்தாலும் அதில் பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்க இடமுண்டு. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான். புண்ணுக்கென்று வரும் மருத்துவத் தேனை வடிகட்டி, காமா கதிரால் கிருமி நீக்கி, டியூபிலோ கட்டுத் துணியில் தோய்த்தோ விற்கிறார்கள். பெரிய மருந்துக் கடையில் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். அது கிடைக்காவிட்டால் சமையலறைப் பாட்டிலைத் தேடாதீர்கள். மருத்துவர் எழுதித் தரும் சாதாரணக் களிம்பே மேல். தாம்பரம் சானடோரியத்தின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இந்தப் பக்கத்தவர்களுக்கு அதிக தூரமில்லை. அங்கே புண்ணுக்கு மத்தன் தைலம் கொடுத்தால் அதை மட்டும் போடுங்கள், மேலே தேனைச் சேர்க்காதீர்கள்.

மருத்துவத் தேன் எந்தப் புண்ணுக்கு? தண்ணீர் காட்டிக் குளிர்ந்த, உள்ளங்கையைவிடச் சிறிய, மேலோட்டமான தீப்புண். தகட்டு விளிம்பின் பர் கிழித்த ஆழமில்லாத கீறல். சிராய்ப்பு. இவ்வளவுதான்.

புண்ணைச் சுத்தமான தண்ணீரிலோ சலைனிலோ கழுவுங்கள். தேனைப் புண்ணில் ஊற்றினால் வழிந்தோடிவிடும். காஸ் துணியில் தடவி வையுங்கள். பத்து சென்டிமீட்டர் சதுரத் துணிக்கு 20 மில்லி வரை வேண்டியிருக்கும். மேலே உறிஞ்சும் பஞ்சுக் கட்டு ஒன்று. முதல் சில நாள் நீர் அதிகம் வடியும், அப்போது தினமும் மாற்றுங்கள். வடிவது குறைந்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் போதும். போட்ட சிறிது நேரம் எரியும், அது தேனின் புளிப்பு. எரிச்சல் தாங்கவில்லை என்றால் கழுவிவிடுங்கள், பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தேனீ கொட்டி உடல் முழுக்கத் தடித்தவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு: தேன் கட்டைத் தேடி எறும்பு வரும். ராத்திரி ஷிப்ட் முடித்து அசந்து தூங்கும்போது கட்டின் நாலு விளிம்பையும் பிளாஸ்டர் போட்டு மூடியிருக்க வேண்டும். வேலை நேரத்தில் ரப்பர் கையுறைக்குள் தேன் கட்டு வியர்வையில் நழுவும், கூலண்ட் ஊறும். அந்தக் கையால் மெஷினைத் தொடாத வேலையைச் சில நாள் கொடுக்கச் சொல்லிச் சூப்பர்வைசரிடம் கேளுங்கள்.

தேன் பக்கமே போகக் கூடாத காயங்களில் முதலில் சொல்ல வேண்டியது பெயிண்ட் ஷாப்பிலும் ஹைட்ராலிக் லைனிலும் நேர்வது. அதிக அழுத்தத்தில் பீறிட்ட பெயிண்டோ எண்ணெயோ விரலில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகும். வலி அப்போது அவ்வளவாக இருக்காது. உள்ளே அது தசைநார் உறை வழியாக உள்ளங்கைவரை பரவியிருக்கும்; சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம். பிரஸ்ஸில் நசுங்கிய விரலும் அப்படித்தான். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

அமிலமோ காரமோ பட்டால் நிறையத் தண்ணீர்விட்டுக் கழுவியபடியே மருத்துவமனைக்கு. கரண்ட் சுட்டது வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் அப்படியே. முகம், மூட்டு, பிறப்புறுப்பு சுட்டாலும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். பெரிய தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு உண்டு, 108-க்குச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளியின் பாதப்புண்ணை வீட்டில் எதைக் கொண்டும் கட்டக் கூடாது. தோல் கிழிந்த எந்தக் காயத்துக்கும் தேன் போட்டாலும் போடாவிட்டாலும் டிடி ஊசியைப் பற்றிக் கேளுங்கள்.

தேன் கட்டு போட்ட பிறகும் தினமும் புண்ணைப் பாருங்கள். சுற்றிலும் சிவப்பு பரவினால், கையில் சிவப்புக் கோடு மேல்நோக்கி ஏறினால், நாற்றம் எடுத்தால், காய்ச்சல் வந்தால், வலி நாளுக்கு நாள் கூடினால் தேனை அன்றே நிறுத்திவிட்டு ஈஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போங்கள். இவை எதுவும் இல்லாமலே இரண்டு வாரம் ஆகியும் மூடாத தீப்புண், நீங்கள் நினைத்ததைவிட ஆழமானது. அதற்குத் தோல் ஒட்டு தேவைப்படலாம். அன்றைய ஷிப்டை விட்டுவிட்டாவது மருத்துவரிடம் காட்டுங்கள்.