614 முதல் 819 வரை

அன்புத் தம்பிக்கு,

ஓப்பன் சோர்ஸில் கோட் எழுத ஆசையாக இருக்கிறது, எந்தப் பெரிய ப்ராஜெக்டில் சேரலாம் என்று கேட்டிருக்கிறாய். பெரியதை இப்போதைக்கு விடு. 'போர்ஷன்' என்று ஒரு சின்ன பைதான் லைப்ரரி இருக்கிறது, அதை முதலில் படி. அது பார்ப்பது ஒரே வேலை: நீ பதினொன்றாம் வகுப்பில் படித்த மூடிய இடைவெளி, திறந்த இடைவெளி சமாச்சாரம்தான். இரண்டு இடைவெளிகளைச் சேர்க்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்கும், ஓர் எண் உள்ளே இருக்கிறதா என்று சொல்லும்.

இரண்டு 'இஃப்' போட்டால் முடிகிற காரியத்துக்கு ஒரு லைப்ரரியா என்று உனக்குத் தோன்றும். நான் இருக்கும் புனேயிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன்.

இங்கிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், நாராயண்காவ் பக்கம் கோடத் கிராமத்தில் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ்கள். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் முன்னின்று உருவாக்கியது. நம் ஊட்டி மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் தொலைநோக்கியும் அவர் கட்டியதுதான். மலையின் சாய்வும் ஊட்டியின் அட்சரேகையும் 11 டிகிரி என்பதைப் பார்த்து இடம் தேர்ந்தெடுத்த மனிதர். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

ஜிஎம்ஆர்டியின் ஓர் அலைவரிசைப் பட்டை 250 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் வரை. அதற்குள்ளேயே 360 முதல் 380 வரை தகவல் தொடர்பு செயற்கைக்கோள்களின் இரைச்சல் வந்து விழும். அதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் மிச்சத்தில் வானத்தைத் தேட முடியும். 300 முதல் 500 வரை பதிவு செய்து, அந்த 200 மெகாஹெர்ட்ஸை 2048 சேனல்களாகப் பிரித்திருக்கிறோம், கீழிருந்து மேலாக 0 என்று எண்ணத் தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள். ஒரு சேனலின் அகலம் 0.09765625 மெகாஹெர்ட்ஸ். பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார். 360 என்பது 614-ஆம் சேனலுக்குள் விழுகிறது. 380 என்பது 819-ஆம் சேனலுக்குள். இரண்டிலும் இரைச்சல் உண்டு, இரண்டையுமே நீக்க வேண்டும். மொத்தம் 206 சேனல்கள்.

இந்தத் தரவுகளை அலசப் பயன்படும் காசா மென்பொருளில் 614~819 என்று எழுதினால் இரு முனைகளும் சேரும். பைதானில் 614:819 என்று எழுதினால் 819 சேராது. 614:820 என்று எழுத வேண்டும். மறந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. ஒரே ஒரு சேனலில் செயற்கைக்கோள் உட்கார்ந்திருக்கும், அதை நீ வானத்திலிருந்து வந்ததாக நினைத்துக்கொள்வாய். எனக்குப் பயம் இந்த மாதிரித் தவறுகளிடம்தான். கோட் நின்றுபோனால் கவலையில்லை, ஓடிக்கொண்டே தப்பான விடை தருவதுதான் ஆபத்து.

பைதான் ஏன் கடைசி எண்ணை விடுகிறது? 1982-ல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா எழுதிய ஒரு சிறு குறிப்பில் காரணம் இருக்கிறது. தொடக்கம் சேர்ந்து, முடிவு சேராமல் எழுதினால், இரு முனைகளின் வித்தியாசமே எண்ணிக்கை: 820-லிருந்து 614 போனால் 206. ஒன்றின் முடிவே அடுத்ததன் தொடக்கமாகவும் இருக்கும். இரண்டு வயல்களுக்கு நடுவிலுள்ள வரப்பு யாருக்கு என்ற தகராறே எழாது.

ஆனால் எல்லா இடத்திலும் அந்த வழக்கம் போதாது. 300 முதல் 500 வரையிலிருந்து, இரு முனைகளும் அடங்கிய 360–380-ஐக் கழித்தால் இரண்டு துண்டுகள் மிஞ்சும். முதல் துண்டு 360-ஐத் தொடாமல் முடிய வேண்டும், இரண்டாவது 380-க்குப் பிறகே தொடங்க வேண்டும். கழிக்கும்போது மூடிய முனை திறந்த முனையாக மாறுகிறது. உன் இரண்டு 'இஃப்' இங்கேதான் திணறும். போர்ஷன் ஒவ்வொரு முனைக்கும், அது மூடியதா திறந்ததா என்பதைக் கூடவே வைத்துக்கொள்வதால் இதைத் தானாகச் சரியாகச் செய்கிறது.

இன்னொன்று. 1 முதல் 3 வரை, 4 முதல் 6 வரை: இவை ஒட்டியவையா? சேனல் எண்கள் என்றால் ஆம். மெகாஹெர்ட்ஸ் என்றால் இல்லை, நடுவில் 3.5 இருக்கிறது. 2012-ல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 9.2 பதிப்பில் இடைவெளிகளைத் தனி வகையாகவே சேர்த்தபோது, முழு எண்ணுக்குத் தனி, தசம எண்ணுக்குத் தனி என்று பிரித்தே வைத்தார்கள்.

இப்போது உனக்கு வேலை. போர்ஷனைத் திறப்பதற்கு முன், இடைவெளிகளின் பட்டியலை ஒன்றாக்கும் ஃபங்ஷனை நீயே எழுது. தொடக்க எண்படி வரிசைப்படுத்து. அடுத்தது இப்போதைய முடிவுக்குள் தொடங்கினால் சேர்த்துக்கொள். சேர்க்கும்போது முடிவாக இரண்டில் பெரியதை எடு, இல்லாவிட்டால் 1–10 உடன் 2–3 சேர்ந்து 1–3 ஆகிவிடும். 5 முதல் 5 வரை மூடியது என்றால் ஓர் எண், முடிவு திறந்தது என்றால் வெறுமை. இரண்டையும் கொடுத்துப் பார். பிறகு போர்ஷனின் டெஸ்ட் ஃபைல்களைப் படி, கோட் ஃபைல்களைவிட அவற்றை நிதானமாகப் படி. அவர்கள் யோசித்து நீ யோசிக்காத முனைகளைக் குறித்து வை. அவர்களும் விட்டது ஒன்று கண்ணில் பட்டால், அதற்கு ஒரு டெஸ்ட் எழுதி அனுப்பு. நீ கேட்ட முதல் பங்களிப்பு அதுவாகவே இருக்கட்டும். அனுப்பும் முன் எனக்கும் ஒரு பிரதி போடு, உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்
புனே