இணைப்பான் கற்பிக்கும் பாடம்

சி மொழியில் நாம் எழுதிய நிரலில் எழுத்துப் பிழை இல்லை. தொகுப்பானும் குறை கூறவில்லை. ஆயினும் லினக்ஸ் கணினி, 'பித்ரெட் கிரியேட்' என்ற செயற்கூறு எங்குமே வரையறுக்கப்படவில்லை என்று கூறி நின்றுவிடுகிறது. செய்முறை வகுப்பில் இவ்வாறு நேர்ந்தால், காரணம் அறியாதவள் சரியான நிரலையே அழித்து அழித்து எழுதுவாள். ஆகவே காரணத்தைக் காண்போம்.

நிரல் இயங்க மூன்று படிகள் உண்டு. தொகுப்பான் இலக்கணம் பார்க்கும். இணைப்பான், நாம் அழைத்த செயற்கூறு எந்த நூலகத்தில் உள்ளது எனத் தேடும். நிரல் ஓடும் வேளையில் ஏற்றி அந்த நூலகத்தை நினைவகத்திற்குக் கொண்டுவரும்.

வயலுக்கு ஓர் ஆறு என்று யாரும் வெட்டுவதில்லை. கன்னடியன் கால்வாயும் நெல்லைக் கால்வாயும் பாளையங்கால்வாயும் ஒரே தாமிரபரணியில்தான் நீர் பெறுகின்றன. அதுபோல் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரே கோப்பே பகிர்வு நூலகம்.

முதற்குறை, நூலகத்தின் பெயரைச் சொல்லாமை. தலைப்புக் கோப்பைச் சேர்த்தால் போதாதா எனலாம். அது கல்யாணப் பத்திரிகை போன்றது. விருந்து மண்டபத்தில்தான் உண்டு! ஒரே நிரலில் பல வேலைகளை ஒருங்கே நடத்தும் இழைகளுக்கான செயற்கூறுகள் முன்பு தனி நூலகத்தில் இருந்தன. எனவே ஜிசிசி கட்டளையில் சிறுகோடு இட்டுப் 'பித்ரெட்' என்று சேர்ப்பது கட்டாயமாயிற்று. 2021 ஆகஸ்டில் வெளிவந்த க்னூ சி நூலகத்தின் 2.34ஆம் பதிப்பில் அவை முதன்மை நூலகத்துடனேயே சேர்ந்துவிட்டன. இதனால் புதிய கணினியில் இணையும் நிரல் பழையதில் இணையாமல் போகலாம். 2011இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் அக்காமார் பெற்ற மடிக்கணினிகள் பலவற்றில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. அவற்றில் பழகும் தங்கையர் இதை மறக்கலாகாது. தொகுக்கும்போதும் இணைக்கும்போதும் அச்சொல்லை எழுதினால் இருவகைக் கணினியிலும் நிரல் இணையும்.

இரண்டாங்குறை, வரிசை மாறுதல். இணைப்பான் கோப்புகளை இடமிருந்து வலமாகப் படித்துச் செல்லும். ஒரு நூலகத்தை அடையும்போது அதுவரை தேவைப்பட்டதையே அதிலிருந்து எடுக்கும். மருதூர் அணையைத் தாண்டிய நீர் சுத்தமல்லிக்குத் திரும்புமோ? ஆகவே நிரல் கோப்பை முதலிலும் நூலகத்தைப் பின்னரும் எழுதுக. கணித நூலகத்திற்கும் இதுவே விதி.

மூன்றாங்குறை, நிரல் இணைந்தபின் ஓட்டும்போது வரும். பகிர்வு நூலகத்தைத் திறக்க முடியவில்லை என்று வந்தால், அது ஏற்றியின் முறையீடு. நிரலைத் திருத்திப் பயனில்லை. நாமே எழுதிய நிரலுக்கு 'எல்டிடி' கட்டளை இட்டால் தேவையான நூலகங்களின் பட்டியல் கிடைக்கும்; இல்லாததும் அதில் தெரியும். அதை ஏற்றி வழக்கமாகத் தேடும் அடைவில் நிறுவி, நிர்வாகி உரிமையுடன் 'எல்டிகான்ஃபிக்' கட்டளையை இயக்க வேண்டும்.

எனவே, பிழைச் செய்தி கண்டதும் அழிப்பானைத் தேடாமல், எந்தப் படியில் நின்றது என்று முதலில் கேட்போம். செய்தியை முழுவதும் படிப்பவளுக்குப் பாதி வேலை முடிந்தது!