காசு வந்ததும் கணக்கில் பதிய

இணையக் கடையில் நடப்பதைக் கணக்கு மென்பொருளுக்குத் தானாக அறிவிக்கும் ஏற்பாடே 'வெப்ஹூக்'. வூகொமர்ஸில் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட், வெப்ஹூக்ஸ் எனச் செல்லுங்கள். கணக்கு மென்பொருள் தரும் முகவரியை இடுங்கள். இரகசியச் சொல்லொன்றை இரு பக்கமும் கொடுங்கள். அதன் மூலம் போலிச் செய்தியை இனங்காணலாம்.

ஓடர் விழுவது வேறு, காசு வருவது வேறு. ஆதலால் நான் தெரிவு செய்வது 'ஓடர் அப்டேட்டட்'. இது ஒரே ஓடருக்குப் பல தடவை வரும். காசு செலுத்திய திகதியுள்ள செய்தியை மட்டும், ஓடர் இலக்கம் பார்த்து ஒரு தடவையே பதியச் செய்யுங்கள்.

தொடர்ந்து 5 தடவைக்கு மேல் செய்தி சேராவிட்டால் வூகொமர்ஸ் வெப்ஹூக்கை நிறுத்திவிடும். எனவே கடை மூடுமுன் இரு பக்கத் தொகையையும் ஒப்பிடுவேன். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்குர்ஆன் (2:282) பணிக்கிறது. எழுதுவது இயந்திரமானாலும் பொறுப்பு நம்முடையதே.