புல்தரை குடிக்கும் லாரித் தண்ணீர்

சென்னை அடுக்ககங்களின் அசோசியேஷன் கூட்டங்களில் தோட்டம் என்று பேச்சு வந்தாலே, எந்தச் செடி வைப்பது, எந்த மரத்தை வெட்டுவது என்பதில்தான் விவாதம் நிற்கிறது. வளாகத்தில் இன்னும் எவ்வளவு மண் மிச்சமிருக்கிறது, பெய்கிற மழை அதில் இறங்குகிறதா என்று யாரும் கேட்பதில்லை. கீழே உள்ள நம்பிக்கைகளில் பாதி, அந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்தவை.

“புல்தரை போட்டால் பராமரிப்பு குறைவு”

இதைவிடச் செலவு பிடிக்கும் நம்பிக்கை வேறில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு சதுர மீட்டர் புல்தரை பச்சையாக இருக்க நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். 5,000 சதுர அடி என்றால் 2,300 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று ஐந்தே நாளில் தீர்ந்துவிடும். புல் வெட்டுவது, கோரை பிடுங்குவது, உரம் போடுவது எல்லாம் தனிக் கணக்கு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டதைப் பார்த்த ஊர் இது.

பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடத்தில் புல் இருக்கட்டும், அது நியாயமான செலவு. ‘புல்லில் நடக்காதீர்கள்’ என்று பலகை வைத்திருக்கிற இடத்தில் எதற்கு? அங்கே ஒரு புங்கன் நிழலும், அதைச் சுற்றி நந்தியாவட்டை, இட்லிப்பூ, செம்பருத்தியும் போதும். வேர் பிடித்த பிறகு இவற்றுக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

புல்தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். ஓரமாக ஓர் இடத்தில் கடப்பாரையால் ஓர் அடி ஆழம் குத்தினால் போதும். பல வளாகங்களில் அரை அடிச் செம்மண்ணுக்குக் கீழே உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டு, இறுகிப்போன சிமென்ட் என்று கட்டுமானக் கழிவுதான் கிடைக்கும். இப்படி இறுகிய தரையில் மழை இறங்காமல் வழிந்தோடுகிறது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. ஆனால் உறிஞ்சும் மண்ணும் அந்தச் சேகரிப்பில் சேர்த்தி என்பதை நாம் மறந்துவிட்டோம். செடி வாங்குகிற காசில் பாதியை மண்ணைக் கிளறி, கழிவை அள்ளி, தொழுவுரம் கலப்பதற்குச் செலவிடலாம் என்பேன்.

“சீக்கிரம் வளர்கிற மரமே நல்ல மரம்”

மதிலோரம் வரிசையாக வைத்த கோனோகார்பஸ் ஓரிரு ஆண்டுகளில் பச்சைச் சுவராக நிற்கும். அதனால்தான் அதை விரும்பி வைத்தார்கள். அதன் வேர் வடிகாலுக்குள்ளும் கேபிள் குழாய்க்குள்ளும் புகும், மகரந்தம் சுவாசக் கோளாறு உள்ளவர்களுக்குத் தொல்லை தரும் என்று புகார்கள் வந்தன. 2023-இல் குஜராத்தும் 2025-இல் தமிழ்நாடும் அதைத் தடை செய்தன.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது சாய்ந்தவற்றில் குல்மோகர், தூங்குமூஞ்சி போன்ற வெளியிலிருந்து வந்த மரங்கள் ஏராளம். ஆனால் பழி முழுவதும் மரத்துக்கு இல்லை. மரத்தின் வேர் பெரும்பாலும் மேல் இரண்டு மூன்றடி மண்ணிலேதான் பக்கவாட்டில் பரவுகிறது. அந்தப் பரப்பில் பேவர் பிளாக் பதித்து, தண்டைச் சுற்றிச் சிமென்ட்டும் பூசிவிடுகிறோம். தண்டு பருக்கப் பருக்கப் பட்டை சிமென்ட்டில் அழுந்திப் புடைத்திருப்பதை நம் வளாகத்திலேயே பார்க்கலாம். குறைந்தது மூன்றடி வட்டமாவது மண் திறந்திருக்க வேண்டும்.

கீழே கார் நிறுத்தமும் மேலே தோட்டமும் உள்ள வளாகங்கள் கூடுதலாக ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு நனைந்த மண், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.8 டன் கனக்கும். கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் அங்கே மரம் வைக்கக் கூடாது.

“எஸ்.டி.பி. தண்ணீர் செடியைக் கொன்றுவிடும்”

சரியாக ஓட்டாத எஸ்.டி.பி.யின் (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) தண்ணீர் என்றால் இது உண்மைதான். ஒழுங்காகச் சுத்திகரித்த தண்ணீரில் மிஞ்சும் தழைச்சத்தும் மணிச்சத்தும் செடிக்கு உதவும். மண்மேல் வெள்ளையாக உப்புப் படிகிறதா என்று மட்டும் கவனிக்க வேண்டும். வேரோரம் பாய்ச்சுங்கள், ஸ்பிரிங்ளரில் தெளிக்க வேண்டாம். கீரைப் பாத்திக்கு வேண்டவே வேண்டாம்.

“செடி இருந்தால் கொசு வரும், பாம்பு வரும்”

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு செடியில் முட்டையிடுவதில்லை. தேங்கிய நல்ல தண்ணீரில்தான் அது பெருகும்: பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, பால்கனியில் கிடக்கும் பழைய வாளி, ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். காய்ந்த தட்டின் விளிம்பில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். மரத்தை வெட்டி இதைத் தீர்க்க முடியாது.

பாம்பு எலியைத் தேடி வருகிறது, எலி குப்பைத்தொட்டியைத் தேடி வருகிறது. முதலில் குப்பை அறையை மூடி வையுங்கள். வந்த பாம்பை அடிக்காமல் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

“சருகு குப்பை”

காலையில் பெருக்கிக் குவித்து, மூலையில் கொளுத்துகிற வழக்கம் இன்னும் போகவில்லை. 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே அதைத் தடை செய்தன. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் மக்கும் குப்பையை இயன்றவரை உள்ளேயே உரமாக்க வேண்டும் என்றும் அவை கூறின. கம்பிவலையை மூன்றடி அகலக் கூண்டாகச் சுருட்டி நிறுத்தி, சருகை அடுக்கடுக்காகப் போட்டுச் சாணிக்கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் அவ்வப்போது கிளறினால் சில மாதங்களில் உரமாகிவிடும். அதற்கும் ஆள் இல்லையென்றால் மரத்தடியில் மூன்று அங்குலத்துக்குச் சருகைப் பரப்பிவிடலாம், மண் ஈரம் நெடுநேரம் நிற்கும். தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், அங்கே ஈரம் தங்கினால் பட்டை அழுகும்.